சமாதிக்கு முன்னும் பின்னும்: திருவையாற்று ஆராதனை ஓர் அமைப்பான கதை

வேதாரண்யம் காவிரியின் கடைமடை. ஆற்றுத் தண்ணீரை மேலே உள்ள வயல்களெல்லாம் குடித்தது போக மிஞ்சியதுதான் இங்கே வரும். அதற்கப்பால் உப்பளம், கடல். சங்கீதத்தில் இந்த ஊர் கடைசி வரிசையில் நின்றதில்லை. வேதங்கள் பூசித்து அடைத்துவிட்டுப் போன கோயில் கதவை அப்பர் பாடித் திறந்தார், சம்பந்தர் பாடி அடைத்தார் என்று பெரியபுராணம் சொல்வது இந்தத் திருமறைக்காட்டைத்தான். இங்கே அம்மனுக்கு யாழைப் பழித்த மொழியம்மை என்று பெயர். அவள் குரலைக் கேட்டபின் தன் வீணை எதற்கு என்று சரஸ்வதி அதை வைத்துவிட்டாளாம். அதனால் இந்தக் கோயிலில் சரஸ்வதி வீணையில்லாமல் சுவடியோடு இருக்கிறாள். வேதாரண்யம் வேதமூர்த்தி போன்ற நாகஸ்வர வித்வான்களைத் தந்த மண் இது.

ஒரு பெண்ணின் குரலையே தெய்வத்தின் பெயராக்கிய இதே காவிரி நாட்டில், ஆற்றின் மேல்பக்கம், பெண்கள் பாடக் கூடாது என்ற விதியோடு ஒரு சங்கீத விழா முப்பது ஆண்டுகளுக்கு மேல் நடந்தது. திருவையாற்றுத் தியாகராஜ ஆராதனைதான் அந்த விழா. இன்று ஆயிரக்கணக்கானோர் கூடி உட்கார்ந்து தியாகராஜரின் பஞ்சரத்தினக் கீர்த்தனைகளைப் பாடுவதைத் தொலைக்காட்சியில் பார்க்கும்போது, ஆதிமுதல் இது இப்படியேதான் இருந்திருக்கும் என்று தோன்றும். அப்படி இருக்கவில்லை. இந்த அமைப்பு பக்தியால் மட்டும் எழவில்லை. அண்ணன் தம்பி சண்டை, கட்சிப் பூசல், மேடை மறுக்கப்பட்ட ஒரு பெண் வாங்கிய நிலம் ஆகிய மூன்றும் சேர்ந்து இதை எழுப்பின. அவற்றில் நிலத்துக்குரிய இடத்தை நம் சங்கீத வரலாறு இன்னும் முழுதாகத் தரவில்லை என்பது என் எண்ணம்.

தியாகராஜர் 1767-ல் திருவாரூரில் பிறந்தார். வாழ்ந்ததும் பாடியதும் திருவையாற்றில். 1847 ஜனவரி 6, புஷ்ய பகுள பஞ்சமியன்று மறைந்தார். கடைசி நாட்களில் சந்நியாசம் வாங்கிக்கொண்டதால் உடலைத் தகனம் செய்யாமல், காவிரிக் கரையில் அடக்கம் செய்து மேலே சின்னதாக ஒரு நினைவிடம் கட்டினார்கள். பிறகு சீடர்கள் அவரவர் ஊருக்குப் போய்விட்டார்கள். வாலாஜாபேட்டை, உமையாள்புரம், தில்லைஸ்தானம் என்று மூன்று சீடப் பரம்பரைகள் கிளைத்தன. திதி வந்தால் அவரவர் வீட்டில் பூஜை, அவரவர் பாடாந்தரத்தில் நாலு கீர்த்தனை. சமாதிப் பக்கம் யாரும் போகவில்லை.

ஏன் போகவில்லை என்பதற்கு நன்றி மறந்தார்கள் என்று ஒற்றை வரியில் பதில் சொல்வது நியாயம் இல்லை. 1855-ல் இரண்டாம் சிவாஜி மன்னர் ஆண் வாரிசு இல்லாமல் இறந்தார். கம்பெனி அந்த அரசை முடித்துக்கொண்டது. தஞ்சை அரண்மனையை நம்பியிருந்த வித்வான்கள் மைசூர், திருவனந்தபுரம், புதுக்கோட்டை, ராமநாதபுரம், சென்னை என்று பிழைப்புத் தேடிக் கலைந்தார்கள். தியாகராஜர் அரண்மனையை அண்டாதவர்தான். ஆனால் அவர் நினைவைக் காப்பாற்றியிருக்க வேண்டிய சங்கீத உலகம் அரண்மனைச் சோற்றில் வளர்ந்தது. அரசு போனதும் ஊரில் ஆள் இல்லை. ஐம்பத்தாறு ஆண்டுகள் அந்த இடத்தைச் செடி கொடி மூடிக் கிடந்தது.

1903-ல் உமையாள்புரம் கிருஷ்ண பாகவதரும் சுந்தர பாகவதரும் அங்கே வந்தார்கள். தியாகராஜரிடம் நேரே பாடம் கேட்டவர்களில் கடைசியாக எஞ்சியிருந்தவர்கள் அந்தச் சகோதரர்கள். இருவருக்கும் தள்ளாத வயது. குருவின் சமாதி இடிந்து கிடந்த கோலத்தைக் கண்டு அதைச் செப்பனிட ஏற்பாடு செய்தார்கள். இனி ஆண்டுதோறும் திதியை இங்கேயே நடத்துவது என்று முடிவானது. அடுத்த ஆண்டு பூஜையும் பாட்டுமாக முதல் ஆராதனை நடந்தது. பக்கத்து ஊரான தில்லைஸ்தானத்தின் நரசிம்ம பாகவதரும் அவர் சகோதரர் பஞ்சு பாகவதரும் பொருளுக்கும் பந்தல், சாப்பாட்டு ஏற்பாட்டுக்கும் பொறுப்பேற்றார்கள். உமையாள்புரத்தார் வித்வான்களைக் கூட்டி வந்தார்கள். நரசிம்ம பாகவதர் 1908-ல் தியாகராஜர் கீர்த்தனைகளைத் திரட்டி நூலாக வெளியிட்டவர். பாட்டைக் காகிதத்தில் காப்பதும் சமாதியைக் கரையில் காப்பதும் ஒரே கையால், ஏறக்குறைய ஒரே சமயத்தில் நடந்தன.

விழா பெரிதானதும் பூசலும் வந்தது. தில்லைஸ்தானம் சகோதரர்கள் பிரிந்தார்கள். நரசிம்ம பாகவதர் பக்கம் பெரிய கட்சி, பஞ்சு பாகவதர் பக்கம் சின்னக் கட்சி. ஒரே சமாதிக்கு இரண்டு ஆராதனை, இரண்டு வசூல், இரண்டு பந்தி. பின்னாளில் பெரிய கட்சியைக் கட்டி இழுத்தவர் ஹரிகதையில் பெயர்பெற்ற சூலமங்கலம் வைத்தியநாத பாகவதர். அரிகேசநல்லூர் முத்தையா பாகவதரும் அந்தப் பக்கம். சின்னக் கட்சிக்கு உயிர் கொடுத்தவர் பிடில் மேதை மலைக்கோட்டை கோவிந்தசாமிப் பிள்ளை. பிராமணரல்லாத வித்வான்களில் அன்று அவருக்கு இணையான செல்வாக்கு வேறு யாருக்கும் இருந்திருக்குமா என்பது சந்தேகமே. இதை வைத்து முழுப் பிளவையும் சாதிச் சண்டையாக எழுதிவிடுகிறவர்கள் உண்டு. அது சரியில்லை. பிளவு தொடங்கியது ஒரே வீட்டில், ஒரே குலத்தில் பிறந்த இரண்டு பேரிடம். சாதியின் நிழல் அதன் மேல் பிறகு விழுந்தது. விழுந்ததை மறைக்கவும் வேண்டியதில்லை.

மோதி மோதிக் களைத்த பிறகு ஓர் ஏற்பாட்டுக்கு வந்தார்கள். சின்னக் கட்சி ஐந்து நாள் முன்பே தொடங்கித் திதியன்று முடித்துக்கொள்ளும். பெரிய கட்சி திதியன்று தொடங்கி அடுத்த நான்கு நாள் நடத்தும். திதியன்று இருவரும் சமாதியில் பூஜை செய்வார்கள். கேட்பவனுக்கு இது லாபமாகவே முடிந்தது: ஒரு வாரத்துக்கு மேல் கச்சேரி. சண்டையால் விழா தேய்ந்துவிடவில்லை, நீண்டது. இரண்டு கட்சிக்கும் கருத்து வேறுபாடு இல்லாத விஷயம் ஒன்று இருந்தது. பெண்கள் பாடக் கூடாது. அன்று மேடையில் பாடிய பெண்கள் பெரும்பாலும் தேவதாசி மரபில் வந்தவர்கள். ஆண் வித்வான்களில் பலர் அவர்களுடைய தாய்மாரிடமும் பாட்டிமாரிடமும் உருப்படி கற்றவர்கள். கற்ற இடம் வேண்டும், அவர்கள் சமாதிக்கு முன் உட்காருவது மட்டும் ஆகாது.

அந்தக் கட்டத்தில் வருகிறார் பெங்களூர் நாகரத்தினம்மாள். 1878-ல் மைசூர் ராஜ்யத்தில் பிறந்தவர், தாய் புட்டலட்சுமி. கன்னடம், தெலுங்கு, சமஸ்கிருதம் மூன்றிலும் புலமை. மைசூர் அரண்மனையில் பாடிவிட்டுச் சென்னைக்கு வந்து, அந்நாளில் மிகுதியாகச் சம்பாதித்த பாடகிகளில் ஒருவரானார். அவரது துணிவுக்குச் சாட்சியாக 1910-ல் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். தஞ்சை அரசவையில் இருந்த முத்துபழனி என்ற தாசி பதினெட்டாம் நூற்றாண்டில் எழுதிய தெலுங்குக் காவியம் ‘ராதிகா சாந்த்வனமு’. அச்சில் வந்த பதிப்பில் பகுதிகள் வெட்டப்பட்டிருந்தன, ஆசிரியரின் மரபு மறைக்கப்பட்டிருந்தது. மூல ஏட்டைத் தேடிப் பிடித்து, வெட்டாமல் பதிப்பித்தார் நாகரத்தினம்மாள். ஆபாசம் என்று சொல்லி ஆங்கில அரசு அந்த நூலைத் தடை செய்தது. ஒரு பெண் எழுதியதை ஒரு பெண் மீட்டதற்குத் தடை. பல ஆண்டுகள் கழித்துத்தான் விலகியது.

சமாதியின் நிலைமையை அவருக்கு எழுதித் தெரிவித்தவர் மைசூர் வித்வான் பிடாரம் கிருஷ்ணப்பா. இரண்டு கட்சியும் ஆண்டுக்கு ஒரு வாரம் அங்கே கூடிக் கலைந்தன. மற்ற ஐம்பத்தொரு வாரம் அந்த இடத்துக்குப் பொறுப்பாளி இல்லை. நாகரத்தினம்மாள் செய்தது, எந்தக் கட்சிக்கும் அதுவரை தோன்றாத ஒரு காரியம். சமாதி இருந்த நிலத்தை விலைக்கு வாங்கினார். தன் நகைகளையும் சொத்தையும் பணமாக்கி, 1921 அக்டோபரில் அடிக்கல் நாட்டிக் கோயில் எழுப்பினார். சமாதிக்கு முன் தியாகராஜரின் விக்கிரகத்தை வைத்தார். 1926 ஜனவரியில் குடமுழுக்கு நடந்தது.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். அதுவரை ஆராதனைக்கு ஆள் இருந்தது, திதி இருந்தது, கட்சிகூட இரண்டு இருந்தது; காலூன்ற இடம் இல்லை. திண்ணையும் பந்தலுமாக நடந்த ஒன்றுக்குச் சுவர், கதவு, பூஜை, பட்டா எல்லாம் கிடைத்தது 1926-ல். ஓர் ஒப்பீட்டைச் சொன்னால் இதன் அருமை தெரியும். அதே தஞ்சையில் ஆபிரகாம் பண்டிதர் 1912-ல் சங்கீத வித்யா மகாஜன சங்கத்தைத் தொடங்கினார். தன் செலவில் வித்வான்களை அழைத்து மாநாடுகள் கூட்டினார். சுருதி எத்தனை என்று வாதம் நடத்தினார். அந்த உழைப்பில் 1917-ல் வந்தது ‘கருணாமிர்த சாகரம்’. தமிழிசை ஆராய்ச்சிக்கு அதைவிடப் பெரிய கொடை அந்தத் தலைமுறையில் இல்லை. ஆனால் 1919-ல் அவர் மறைந்ததும் சங்கத்தின் வேகம் அடங்கிவிட்டது. அறிவை நம்பி எழுந்த அமைப்பு அறிஞரோடு போயிற்று. திருவையாற்றில் திதியும் நிலமும் இருந்ததால் ஆள் மாறினாலும் விழா நிலைத்தது.

கோயில் கட்டியவரைப் பாட விட்டார்களா? இல்லை. கட்டுமானத்தை இரண்டு கட்சியும் எதிர்க்கவில்லை. ஆனால் சமாதிக்கு முன்னால் ஹரிகதை செய்கிறேன் என்று அவர் கேட்டபோது மறுத்துவிட்டார்கள். நாகரத்தினம்மாள் வழக்குக்குப் போய் விழாவை நிறுத்தியிருக்கலாம், இடம் அவருடையது. அப்படிச் செய்யாமல், முன்னால் ஆண்கள் பாடிக்கொண்டிருக்க, கோயிலின் பின்பக்கத்தில் பெண்களைக் கூட்டித் தனி ஆராதனை தொடங்கினார். ஊர் அதைப் பெண்கள் கட்சி என்றது. இப்படியாக ஒரே சமாதிக்கு மூன்று கட்சி. முன்னால் இரண்டு முறை, பின்னால் ஒரு முறை அதே கீர்த்தனைகள். அந்தப் பின்பக்கம்தான் இந்த வரலாற்றின் நடு இடம் என்று எனக்குப் படுகிறது. வெளியே தள்ளப்பட்டவர்கள் விழாவைப் பழிக்கவில்லை. தாங்களும் அதே விழாவைத்தான் நடத்துகிறோம் என்று ஆண்டுதோறும் அங்கே உட்கார்ந்து பாடிக் காட்டினார்கள்.

வெளியே காலமும் மாறிக்கொண்டிருந்தது. 1927-ல் சென்னையில் காங்கிரஸ் மாநாட்டோடு நடந்த இசை மாநாட்டிலிருந்து 1928-ல் மியூசிக் அகாடமி பிறந்தது. டிக்கெட், சந்தா, உறுப்பினர் என்ற சபா முறை வேரூன்றியது. தேவதாசி முறையை ஒழிக்கும் சட்டத்துக்காக முத்துலட்சுமி ரெட்டி போராடினார். அந்த முயற்சி தங்கள் கலையையும் சேர்த்து அழித்துவிடும் என்று எதிர்த்த தேவதாசிகளின் சங்கத்தில் நாகரத்தினம்மாள் முன்னணியில் நின்றார். சீர்திருத்தக்காரரும் எதிர்த்தவரும் இருவருமே பெண்களின் மானத்துக்காகப் பேசினார்கள். ஒருவரை நல்லவராக்க மற்றவரைப் பழைமைவாதி ஆக்குவது அந்தக் காலத்தைப் புரிந்துகொள்ள உதவாது. 1930-களில் டி.கே. பட்டம்மாள் போன்ற பிராமணக் குடும்பத்துப் பெண்களும் மேடைக்கு வந்தார்கள். அதன் பிறகு, பெண் பாடக் கூடாது என்ற விதியைத் திருவையாற்றில் மட்டும் வைத்துக்கொள்வது வரவரக் கடினமானது.

1940-ல் மூன்று கட்சியும் ஒன்றாயின. ஐ.சி.எஸ். அதிகாரி எஸ்.ஒய். கிருஷ்ணசாமி, முசிரி சுப்பிரமணிய ஐயர் போன்றவர்கள் எல்லாரையும் உட்காரவைத்துப் பேசினார்கள். ஸ்ரீ தியாகபிரம்ம மகோத்சவ சபை என்ற பெயரில் ஒரே அமைப்பு வந்தது. 1941 முதல் ஒரே ஆராதனை. பெண்களுக்கும் மேடை கிடைத்தது.

ஒன்று சேர்ந்ததும் பழைய சிக்கல் வேறு உருவில் நின்றிருக்கும்: யார் முதலில் பாடுவது, யாருக்கு எவ்வளவு நேரம்? வித்வான்கள் கூடும் எந்த இடத்திலும் இந்தக் கேள்விதான் கட்சி பிரிக்கும். ஒன்றுபட்ட விழாவின் மையத்தில் தனிக் கச்சேரி எதையும் வைக்காமல் பஞ்சரத்தின கோஷ்டி கானத்தை வைத்தது இதற்கு அற்புதமான விடை. எல்லாரும் பாடுகிறபோது முதல்வர் யாரும் இல்லை. பெரிய கட்சியின் பாடாந்தரமா, சின்னக் கட்சியின் பாடாந்தரமா என்ற பேச்சும் அங்கே எடுபடாது.

தேர்ந்தெடுத்த உருப்படிகளும் அதற்கேற்றவை. நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ ராகங்களில் ஐந்து கீர்த்தனைகள். ஐந்தும் ஆதி தாளம். ஐந்திலும் சரணங்கள் சுரமாகவும் சாகித்தியமாகவும் அடுத்தடுத்து வரும். நாட்டை உருப்படியைக் கேளுங்கள்: ஒரு சரணத்தின் சுரத்தை எல்லாரும் பாடுவார்கள், அதே மெட்டில் சாகித்தியம், உடனே பல்லவிக்குத் திரும்பல். நிரவல் இல்லை, கற்பனை சுரம் இல்லை, தனி ஒருவர் தன் மேதையைக் காட்ட இடைவெளி இல்லை. சாகித்தியம் தெரியாதவர்கூட இரண்டாம் முறை பல்லவி வரும்போது சேர்ந்துகொள்ளலாம். வராளிக்கு இன்னொரு கதை உண்டு. அந்த ராகத்தைக் குரு நேருக்கு நேர் சொல்லிக்கொடுத்தால் குரு சிஷ்ய உறவு கெடும் என்று பழைய வித்வான்கள் நம்பினார்கள். அதனால் கேட்டே கற்றுக்கொள்ள வேண்டும். கோஷ்டியில் உட்கார்ந்து கேட்டுக் கேட்டு அந்த உருப்படியைப் பிடித்துக்கொண்ட மாணவர்கள் எத்தனையோ பேர் இருப்பார்கள்.

திதியன்று காலை முறை இப்போது எல்லாருக்கும் பழக்கம். திருமஞ்சன வீதியில் தியாகராஜர் வாழ்ந்த வீட்டிலிருந்து உஞ்சவிருத்தி புறப்படும். அவர் தெருவில் பாடி அரிசி வாங்கிப் பிழைத்ததை நினைத்து, சொம்பும் தம்புராவும் ஜால்ராவுமாக வித்வான்கள் பாடிக்கொண்டே வருவார்கள். வாசலில் நிற்பவர்கள் அரிசி போடுவார்கள். நெல் விளைகிற ஊரில் இதைவிடப் பொருத்தமான காணிக்கை இல்லை. சமாதியில் நாகஸ்வர மங்கல இசை. அடுத்து புல்லாங்குழல் கலைஞர்கள் சேர்ந்து பைரவியில் ‘சேதுலாரா’ வாசிப்பார்கள். பிறகு எதிரெதிர் வரிசையாக உட்கார்ந்த கூட்டம் நாட்டையை எடுக்க, உள்ளே விக்கிரகத்துக்கு அபிஷேகம் நடக்கும். யாருக்கும் சன்மானம் கிடையாது, கேட்பவருக்கு டிக்கெட் கிடையாது. வானொலியும் பின்னால் தொலைக்காட்சியும் இதை நேரலையாக வீடுகளுக்குக் கொண்டுபோனபோது, மார்கழிக் கச்சேரிக்குச் சென்னை போக முடியாத டெல்டாக் கிராமத்து ரசிகர்களுக்கு அந்த ஒரு மணி நேரம் உரிமைச் சொத்தானது.

ஒன்றுபட்ட சபையும் எல்லாக் குரலுக்கும் உடனே இடம் தந்துவிடவில்லை. 1941-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழிசை மாநாடு கூடியது. 1943-ல் ராஜா சர் அண்ணாமலை செட்டியாரின் முயற்சியில் தமிழ் இசைச் சங்கம் எழுந்தது. மேடையில் தமிழ்ப் பாட்டுக்கு இடம் வேண்டும் என்ற அந்த விவாதம் சூடாக இருந்தபோது, 1946-ல் திருவையாற்றில் எம்.எம். தண்டபாணி தேசிகர் தமிழ்ப் பாட்டுப் பாடியது பெரும் சர்ச்சையானது. பெரியாரின் ‘குடி அரசு’ இதழ் தமிழுக்கு எழுந்த எதிர்ப்பைக் கண்டித்துக் கடுமையாக எழுதியது. தியாகராஜருக்கு அஞ்சலி என்றால் அவர் கீர்த்தனைகள் மட்டும்தான் என்ற வாதத்தில் ஒரு நியாயம் உண்டு, அதை நான் ஒதுக்கவில்லை. ஆனால் ஐயாறப்பரைத் தேவாரம் பாடிய ஊரில், தமிழ் கேட்டதும் முகம் சுளிப்பது அந்த நியாயத்துக்குள் அடங்காது. பெண்களை வெளியே நிறுத்திய அதே பழக்கம், ஐந்தாறு ஆண்டுக்குள் வேறு கதவருகே போய் நின்றது.

நாகரத்தினம்மாள் தன் கடைசிக் காலத்தைத் திருவையாற்றிலேயே கழித்தார். தேவதாசி முறையை ஒழிக்கும் சட்டம் 1947-ல் வந்தது. அதன் பின் அவர் எழுதிய உயிலில், சொத்துக்களை ஓர் அறக்கட்டளைக்கு வைத்தார். தேவதாசிகள் உட்படப் பெண்கள் சமாதியில் பாடி அஞ்சலி செலுத்தும் உரிமையை அதில் குறிப்பாக எழுதிவைத்தார். சட்டம் ஒழித்த ஒரு பெயரைத் தன் உயிலில் எழுதி உரிமையாக்கியது சாதாரணம் இல்லை. 1940-ன் சமரசம் நல்ல மனிதர்களின் வாய்ச்சொல்லில் நின்றது. நல்ல மனிதர்கள் எப்போதும் இருப்பார்கள் என்று அவர் நம்பவில்லை. 1952 மே 19-ல் அவர் காலமானார். தியாகராஜர் சமாதிக்கு அருகிலேயே அவருக்கும் நினைவிடம் உண்டு. அங்கே அவர் சிலை அந்தச் சந்நிதியைப் பார்த்தபடி அமர்ந்திருக்கிறது.

அதன் பிறகு சபை பெரிய மனிதர்களின் கைக்குப் போனது. கபிஸ்தலம் ஜி.கே. மூப்பனார் பல ஆண்டுகள் தலைவராக இருந்தார். அந்தக் குடும்பத்தின் பொறுப்பு அவருக்குப் பின்னும் தொடர்ந்தது. அரசியலிலும் மிராசிலும் செல்வாக்குள்ள ஒருவர் இருந்தால் பந்தலும் சாலையும் மின்சாரமும் தடையில்லாமல் வரும், அது உண்மை. பாட வருகிறவர்கள் பெருகியதில் ஆளுக்குக் கிடைப்பது சில நிமிடங்கள்தான். பெரிய வித்வானுக்கும் நேற்று அரங்கேறிய பிள்ளைக்கும் ஏறக்குறைய அதே நேரம். சிலருக்கு இது குறையாகத் தெரியலாம். வேறு எந்த மேடையிலும் இல்லாத சமத்துவம் இது என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

இந்த வடிவம் கடல் தாண்டியும் போயிற்று. அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் 1978-ல் சில குடும்பங்கள் சேர்ந்து தொடங்கிய தியாகராஜ ஆராதனை, இன்று பல நாள் நடக்கும் விழாவாக இந்தியாவுக்கு வெளியே மிகப் பெரிய கர்நாடக இசைக் கூடலாகியிருக்கிறது. அங்கே சமாதியும் இல்லை, காவிரியும் இல்லை. இங்கிருந்து எடுத்துப்போக முடிந்தது ஐந்து உருப்படிகளைச் சேர்ந்து பாடும் முறை மட்டும்தான். அது போதுமானதாக இருந்தது.

2025 ஜனவரியில் நடந்ததை 178-வது ஆராதனை என்றார்கள். தியாகராஜர் மறைந்த ஆண்டிலிருந்து எண்ணி வருகிற கணக்கு அது. அந்தக் கணக்கில் யாருமே சமாதிக்கு வராத ஐம்பத்தாறு ஆண்டுகளும், கட்சி கட்டிப் பாடிய ஆண்டுகளும், பின்பக்கம் உட்கார்ந்து பாடிய பெண்களின் ஆண்டுகளும் ஒன்றுபோலக் கரைந்துவிடுகின்றன. திதிக்கு அந்த எண் சரி, அமைப்புக்கு இல்லை. அமைப்புக்கு 1904, 1926, 1940 என்று மூன்று பிறந்தநாள் உண்டு. அவற்றில் நடுவில் உள்ளதற்கு, நாகரத்தினம்மாள் நடத்திய அந்தக் குடமுழுக்குக்கு, 2026 ஜனவரியோடு நூறு ஆண்டு. ஆண்டுதோறும் அடிக்கிற ஆராதனை அழைப்பிதழில் இனி அந்த எண்ணையும் சேர்த்து அச்சிட வேண்டும்.